சண்டைக்கு அடுத்த காட்சி

ஜெயசீலி சினிமாவுக்குச் சண்டை அமைப்பவர். வயது நாற்பத்தொன்று. வடபழனியில் அவருடைய பயிற்சிக் கூடத்துக்கு ஒரு நாள் காலை அருணகிரி வந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். அறுபத்து மூன்று வயது.

"எனக்குச் சண்டை கத்துக்கொடுங்க மாஸ்டர்."

"நடிக்கவா?"

"இல்லை."

அருணகிரி நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தார். வண்டி நிறுத்தும் தகராறில் அவருடைய மகன் குமணனை ஒருவன் தெருவிலேயே அடித்துக் கொன்றிருந்தான். அவன் பெயர் பரந்தாமன். ஜாமீனில் வந்து அதே தெருவில் இருக்கிறான். பால் வாங்கப் போனால் எதிரே வருகிறான்.

"மகனுக்காகப் பழிவாங்குற படம் ஒண்ணு வந்துச்சே. ஒன்பது தடவை பார்த்துட்டேன். ஹீரோவுக்கு என் வயசு. நரைச்ச தாடி. படி ஏறினா மூச்சு வாங்குது. ஆனா கையை ஓங்கினா பத்துப் பேர் பறக்குறானுங்க. தியேட்டரே விசில் அடிக்குது. எனக்கு அது குமணனுக்காக அடிக்கிற மாதிரியே இருக்கும்."

"அந்தச் சண்டை நான் அமைச்சது."

"தெரியும். அதான் வந்தேன்."

ஜெயசீலி அவரைச் சேர்த்துக்கொண்டார்.

அருணகிரி விழக் கற்றார். எழக் கற்றார். கம்பு சுற்றினார். கூடம் திறக்கும் முன்பே வந்து வாசலில் நடந்துகொண்டிருப்பார். போதும் என்றாலும் நிறுத்த மாட்டார். உள்ளங்கை கொப்பளித்தது. துணி சுற்றிக்கொண்டு மறுபடி கம்பைப் பிடித்தார்.

ஐந்து மாதம் போனது.

"நான் எப்போ தயார் மாஸ்டர்?"

ஜெயசீலி எதிரே வந்து நின்றார்.

"நான்தான் பரந்தாமன். வாங்க."

அருணகிரி பாய்ந்தார். மூன்றாவது வீச்சில் ஜெயசீலி மெத்தையில் விழுந்து கண்ணை மூடிக்கொண்டார்.

"செத்துட்டேன். மேல நடத்துங்க."

"மேலன்னா?"

"படத்துல இந்த இடத்துல கட் சொல்லிடுவோம். உங்களுக்கு யாரும் சொல்ல மாட்டாங்க. நடத்துங்க."

அருணகிரி கம்பைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். கதவு வரை போய்த் திரும்பி வந்தார்.

"வீட்டுக்குப் போறேன்."

"யார் கதவு திறப்பாங்க?"

"மங்கை. என் சம்சாரம்."

"என்ன கேப்பாங்க?"

"எங்கே போனீங்கன்னு கேப்பா."

"சொல்லுங்க."

அருணகிரி மறுபடி கதவு வரை போய்த் திரும்பினார். ஜெயசீலி எழுந்திருக்கவில்லை.

"அப்போ அவனைச் சும்மா விட்டுடச் சொல்றீங்களா?" அருணகிரி கத்தினார்.

"கேஸ் என்னாச்சு?"

"நடக்குது. கண்ணால பார்த்த சாட்சி நான் ஒருத்தன்தான். மூணு வாய்தாவுக்கும் போகலை."

"ஏன்?"

அருணகிரி கம்பைத் தரையில் ஊன்றிக்கொண்டார்.

"கூண்டுல ஏறி நின்னு எல்லாத்தையும் மறுபடி சொல்லணும் மாஸ்டர். பையன் எப்படி விழுந்தான், என்ன சொல்லிக் கூப்பிட்டான், எல்லாம். இந்தக் கம்பைப் பிடிக்க முடியுது. அது முடியலை."

"கோர்ட்டுக்கு யாருமே போகலையா?"

"மங்கை போனா."

"தனியாவா?"

"ஆமா. மூணு தடவையும் பரந்தாமன் எதிர் பெஞ்சுல உட்கார்ந்து இவளையே பார்த்துக்கிட்டு இருந்தானாம்."

"அவங்க?"

"அவளும் அவனையே பார்த்துக்கிட்டு சாயங்காலம் வரைக்கும் எழுந்திருக்கலையாம்."

ஜெயசீலி எழுந்து உட்கார்ந்தார். அருணகிரி கையிலிருந்த கம்பை வாங்கிச் சுவரில் சாய்த்தார்.

"அவனுக்கு எதிர்ல அப்படி உட்கார எனக்குத் தெரியாது ஐயா. அதை மங்கையம்மாகிட்டதான் கத்துக்கணும்."