கடைமடைக்கு முதல் தண்ணீர்

ஏரியில் பாதித் தண்ணீர்தான் இருந்தது. ஊர் முழுக்க நெல்தான் நடவேண்டும் என்று பண்ணையார் சடையப்பர் உத்தரவு போட்டார். விளைச்சலில் அவர் பங்கான வாரம் அவருக்கு நெல்லாக வேண்டுமாம். பயிர் காய்ந்தால், மடை திறக்கும் இருளாண்டிக்கு வேலை போய்விடும். மழை பெய்யாததற்கும் அவன்தானே பொறுப்பு!

“தண்ணி போதுமாடா?” என்று ஊர்க்கூட்டத்தில் இருளாண்டியைக் கேட்டார் பண்ணையார்.

“எஜமான் சொன்னா போதாமப் போகுமா? இந்தத் தடவை கடைமடையிலேர்ந்து பாய்ச்சிட்டு வர்றேன். ஏரியை ஒட்டி இருக்கிற உங்க வயலுக்குக் கடைசியா விடுறேன்.”

“அடப்பாவி! என் முறை வர்றதுக்குள்ள ஏரி வத்திடுமேடா!”

கூட்டம் சிரித்தது. பண்ணையார் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

மறுநாள் தண்டோரா போட்டார்கள். எல்லோரும் பாதி நிலத்தில் நெல், மீதியில் அதிகம் தண்ணீர் கேட்காத உளுந்து. இந்த அரிய யோசனையைக் கண்டுபிடித்த பண்ணையாருக்கு ஊரே மாலை போட்டது. மாலை வாங்கிவர இருளாண்டியைத்தான் அனுப்பினார்கள்.