மன்னர் திறந்துவைத்த மறைவிடம்

'ஊருக்குக் கட்டினால் உடம்பை நினைத்துக் கட்டு, பேருக்குக் கட்டினால்...' சாத்தையனின் பெரிய மாமா கல்யாணப் பந்தல்களில் இப்படித்தான் பேச்சைத் தொடங்குவார். பேருக்குக் கட்டினால் என்ன ஆகும்? சரியாக அந்த இடத்தில் அவருக்கு இருமல் வந்துவிடும். மீதியை இதுவரை யாரும் கேட்டதில்லை.

அந்தப் பாதிச் சொல்லை வைத்துக்கொண்டுதான் சாத்தையன் மன்னர் மாறவேளின் சபையில் விகடம் பேசிப் பிழைத்து வந்தான்.

ஒரு சந்தை நாள். மோர் விற்கும் கொளஞ்சி வெயிலில் மயங்கி விழுந்தாள். சாத்தையன் அவள் பானையிலிருந்தே மோர் மொண்டு நீட்டினான். அவள் வாயை இறுக்க மூடிக்கொண்டாள்.

"வேணாஞ் சாமி. குடிச்சா ஒதுங்க எடம் எங்க இருக்கு? சுத்தி ஆம்பளக் கூட்டம். சந்தைக்கு வர்ற பொம்பளைங்க பொழுது சாயுற வரைக்கும் பல்லுல தண்ணி படாமத்தான் கெடக்குறோம்."

"பானை நிறைய மோரை வைத்துக்கொண்டா?"

"பானை நெறஞ்சா காசு. வயிறு நெறஞ்சா வம்பு!"

அன்றே சாத்தையன் சபையில் சொன்னான். மன்னர் மனம் இளகியது. நல்லவர்தான். என்ன, எதைக் கட்டினாலும் அது கொஞ்சம் தன்னைப் போலவே இருக்க வேண்டும் என்று நினைப்பவர். தலைமைச் சிற்பி பூவராகரை அழைத்தார்.

"சந்தைக்கு வரும் சனங்கள் ஒதுங்க ஒரு கட்டடம். ஒரு பக்கம் ஆண்கள், மறுபக்கம் பெண்கள். நம் பெயர் சொல்ல வேண்டும்."

பூவராகர் சொல்லவைத்தார். சந்தையின் நட்டநடுவில் ஆளுயர மேடை. ஏறிப் போக அகலப் படிக்கட்டு. கூட்டத்தைப் பார்த்த வாசல். அதற்கு யாளித் தோரணம். கதவு இடுப்பளவுதான். முழுக் கதவு போட்டால் உள்சுவரில் செதுக்கிய போர்க்களக் காட்சி மறைந்துவிடுமாம். பக்கமெல்லாம் பூவேலை செய்த பலகணிச் சன்னல்.

"சிற்பியாரே, உள்ளே உட்கார்ந்தால் சந்தையே தெரியுமே?" என்றான் சாத்தையன்.

"காற்றோட்டம், தம்பி, காற்றோட்டம்!"

"சந்தைக்கும் தெரியுமே?"

பூவராகர் நேரே மன்னரிடம் போய் நின்றார். மன்னர் சீறினார். "சாத்தையா! இந்தக் கட்டடத்தைப் பற்றி இனி ஒரு குறை சொன்னாயோ, சபைப் பக்கம் தலைகாட்டாதே!"

வாய் திறந்தால் தன் சோறு போகும். மூடிக்கொண்டால் கொளஞ்சி அடுத்த சந்தையிலும் விழுவாள். சாத்தையன் யோசித்தான். குறைதானே சொல்லக் கூடாது?

மறுநாள் சபையில் புகழ்ந்து தள்ளினான். "மன்னா, ஐம்பத்தாறு தேசத்திலும் இப்படியொரு கட்டடம் இல்லை! சந்தை நாளில், மேளதாளத்தோடு, முறை ஒன்றும் விடாமல் தாங்களே திறந்துவைக்க வேண்டும்!"

பூவராகருக்குக் கண் கலங்கிவிட்டது. "தம்பி திருந்திவிட்டான்!"

திறப்பு நாளன்று புளியமரத்தில்கூட ஆள். மன்னர் படியேறினார், பூச்சரத்தை விலக்கினார், மேளம் முழங்கியது. இறங்கத் திரும்பினார். சாத்தையன் கைகூப்பி வழியில் நின்றான்.

"மன்னா, முறை பாக்கி இருக்கிறது."

"என்ன முறை?"

"குளம் திறந்தால் முதல் கை நீர் தங்களுக்கு. சத்திரம் திறந்தால் முதல் இலை தங்களுக்கு. அதன் பிறகுதானே குடிகள் தொடலாம்?"

மன்னருக்கு விளங்கக் கொஞ்சம் நேரம் பிடித்தது. நாயனக்காரருக்கு முன்னாலேயே விளங்கிவிட்டது. வாசிப்பு நடுவில் பிசிறியது.

"இதற்குமா?"

"தாங்கள் தொடங்கிவைக்காமல் வேறு யார் துணிவார்கள்?"

ஊரே பார்க்கிறது. மன்னர் உள்ளே நுழைந்தார். வாசலில் நின்ற கட்டியக்காரர் தொண்டையைக் கனைத்தார். "ராசாதிராச! ராசமார்த்தாண்ட! பகைவர் முதுகு கண்ட..."

"அட, சும்மா இருமய்யா!"

"விருது சொல்லாமல் தாங்கள் எந்த வாசலிலும் நுழையலாகாதே, மகாராசா. இன்னும் பாதிகூட ஆகவில்லை."

கதவுக்கு மேலே கிரீடமும் மார்பும் மாலையும் சந்தைக்குத் தெரிந்தன. கதவு மறைத்த மீதியைப் பலகணி காட்டிக்கொடுத்தது. மன்னர் வேட்டியைப் பிடித்தபடி அசையாமல் நின்றார். முகம் பழுத்த மிளகாய்.

கூட்டத்திலிருந்து கொளஞ்சியின் குரல் கிளம்பியது. "அடியே, எல்லாரும் அந்தப் பக்கம் திரும்புங்கடி! மகராசன் கூச்சப்படுறாரு!"

சந்தை முழுக்கத் திரும்பி நின்றது. பகைவர் முதுகு கண்டவர் அன்று குடிகள் முதுகையும் கண்டார்.

கொஞ்ச நேரம் பொறுத்து, போன மாதிரியே வெளியே வந்தார்.

"சாத்தையா, எனக்கு ஒன்றுமே வரவில்லையடா."

"தங்களுக்காவது சந்தை திரும்பிக்கொண்டது, மன்னா. கொளஞ்சிக்கு யார் திரும்பிக்கொள்வார்கள்?"

"குறை சொல்கிறாயா?"

"ஐயோ, நானா? ஒன்றுமே வரவில்லை என்றது தாங்கள்தானே!"

மன்னர் சிரித்த சிரிப்பில் கிரீடம் சரிந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு, அங்கேயே படியில் உட்கார்ந்து உத்தரவு போட்டார். மேடையை இடிக்க வேண்டும். சந்தையின் ஓரமாக, தரையோடு தரையாகக் கட்ட வேண்டும். வாசல் கூட்டத்துக்கு முதுகைக் காட்டட்டும்; அதற்கு முன்னால் ஒரு மறைப்புச் சுவர். உள்ளே தாழ்ப்பாள் வைத்த முழுக் கதவு, காற்றுக்குக் கூரையடியில் மட்டும் திறப்பு, தண்ணீர்த் தொட்டி, கூடையை இறக்கிவைக்க ஒரு கல். ஆண்கள் பக்கத்தைச் சந்தை நாளில் கட்டியக்காரரோடு வந்து முறைப்படி தொடங்கிவைக்கும் பொறுப்பைப் பூவராகருக்குக் கொடுத்தார்.