சுக்குவின் கனம்

"நாய் அச்சு அசலா இருக்கு. ஆனா கனமே இல்ல பாரு. போர்வை மேல மிதக்குது."

கண்காட்சிக் கூடத்தில் படம் மாட்டிக்கொண்டிருந்த ஆரோக்கியம், ஏணியில் நின்றபடி தன் கூட்டாளியிடம் சொன்னது இது. படத்தைச் செய்தவள் தூணுக்குப் பின்னால் நிற்பது அவருக்குத் தெரியாது.

வேதநாயகிக்கு முகம் சுருங்கிவிட்டது.

முப்பது வருஷம் தபால் நிலையத்தில் பார்சல் வாங்கும் வேலை பார்த்தவள் அவள். கையில் வாங்கியதும் எடையைச் சொல்லிவிடுவாள். தராசு அதற்கப்புறம்தான் ஒப்புக்கொள்ளும். அவள் செய்ததற்கா கனம் இல்லை?

வீட்டில் ஒரு போர்வை இருந்தது. பழம்புடவைகளை அடுக்கித் தைத்தது. பதினான்கு வருஷமாக அதன்மேல்தான் அவளுடைய நாய் சுக்கு படுக்கும். இப்போது படி ஏறும்போது நடுவில் நின்று நின்று ஏறுகிறது.

அது இருக்கும்போதே அதைப் படமாகச் செய்துவிட வேண்டும் என்றுதான் வேதநாயகி முன்பு போர்வையில் பாதியை வெட்டினாள். துவைத்தாள், கஞ்சி போட்டாள், சுருக்கமில்லாமல் இஸ்திரி போட்டுப் பலகையில் தைத்தாள். அதன்மேல் சணலிலும் கம்பளி நூலிலும் தேங்காய் நாரிலும் ஒரு சுக்கு. மீதிப் பாதி, உயிருள்ள சுக்குவுக்கு.

கண்காட்சிக்கு இன்னும் மூன்று நாள்.

வேதநாயகி போகிற துணிப்பட வகுப்பை நடத்துகிற நஸ்ரினுக்கு இருபத்தொன்பது வயது. அவளுடைய மகனைவிடச் சின்னவள்.

"கனம் எப்படி வரும் டீச்சர்?"

"சுக்கு எவ்வளவு எடை?"

"இருபத்திரண்டு கிலோ நானூறு."

"அதைப் படத்துல ஏத்துங்க வேதாம்மா."

வேதநாயகி ஏற்றினாள். மணலையும் மரத்தூளையும் பசையில் குழைத்து, நாயின் வயிற்றுக்குள் திணித்துத் தைத்தாள்.

மறுநாள் படம் சுவரிலிருந்து விழுந்தது.

ஆரோக்கியம் அதைத் தூக்கி நிறுத்திவிட்டு மூச்சு வாங்கினார். "இப்ப கனம் வந்துடுச்சும்மா. ஆணிக்குத்தான் தாங்கல."

நஸ்ரின் சிரித்தாள். படத்தை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போகச் சொன்னாள். சாயங்காலம் சுக்குவைப் பார்க்கத் தானும் வருவதாகச் சொன்னாள்.

வந்தாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். சுக்கு தன் பாதிப் போர்வையில் தூங்கிக்கொண்டிருந்தது.

டீ குடித்தார்கள். நஸ்ரின் தபால் நிலையத்தைப் பற்றிக் கேட்டாள். யாரோ மகளுக்கு அனுப்பிய அதிரசப் பொட்டலம் பாதி ராஜ்யம் சுற்றிவிட்டுத் திரும்பி வந்ததை வேதநாயகி சொன்னாள். சுக்கு குட்டியாக இருந்தபோது ஒரு செருப்பை மட்டும் தின்றுவிட்டு, இன்னொன்றை அவளுக்கென்று விட்டுவைத்ததையும் சொன்னாள்.

படத்தைப் பற்றி நஸ்ரின் வாயே திறக்கவில்லை. அது சுவரில் சாய்ந்து நின்றது. வேதநாயகியின் கண் அதன்மேலேயே போய்ப் போய் வந்தது.

வெயில் பால்கனிக்கு வந்ததும் சுக்கு எழுந்தது. உடம்பை நீட்டி முறித்தது. நாலு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வெயிலைப் பார்த்து நடந்தது.

பதினான்கு வருஷப் பழக்கம். அது எழுந்ததும் வேதநாயகி போர்வையை உதறி, முடி போக்கி, நீவி விரித்துவிடுவாள். இன்றும் குனிந்து இரண்டு முனையையும் பிடித்தாள்.

நஸ்ரின் போர்வையின் நடுவில் உள்ளங்கையை ஊன்றினாள்.

"உதறாதீங்க."

வேதநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"இதை எடை போடுங்க வேதாம்மா."

நஸ்ரின் கையை எடுத்துக்கொண்டாள். அந்த இடத்தில் வேதநாயகி தன் கையை வைத்தாள்.

வெதுவெதுப்பாக இருந்தது.

நடுவில் ஒரு குழி. அதைச் சுற்றித் தையல்கள் எல்லாம் உள்ளே இழுபட்டிருந்தன. மாம்பழ நிறப் புடவைத் துண்டு இழை இழையாய்த் தேய்ந்திருந்தது. இடது பக்கம் பள்ளம் கொஞ்சம் கூடுதல். அந்தப் பக்க இடுப்பில்தான் சுக்கு சாய்ந்து படுக்கும். ஓரத்தில், முகவாய் வைக்கிற இடத்தில், இன்னொரு சின்னப் பள்ளம்.

"எவ்வளவு?"

வேதநாயகி எழுந்து போய்க் கத்தரிக்கோலை எடுத்து வந்தாள்.

பலகையைத் தரையில் கிடத்தினாள். நார்நாயைப் பிடித்திருந்த தையலை ஒவ்வொன்றாக வெட்டினாள். மணல் உதிர, முழு நாயும் கையோடு வந்தது. அதை ஓரமாக வைத்தாள்.

அடியில் இருந்த, இஸ்திரி போட்ட போர்வைப் பாதியையும் பிரித்தெடுத்து, பால்கனியில் சுக்குவுக்குப் பக்கத்தில் விரித்தாள். அது மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு அதில் படுத்தது.

வேதநாயகி திரும்பி வந்து, குழி கலையாத பாதியை உதறாமல் தூக்கி, வெறும் பலகைமேல் வைத்தாள்.