ஒரே சீட்டில் மூணு தரம்

வல்லத்திமங்கலத்து ராஜா வீரபூபதிக்கு மல்யுத்தம் என்றால் உயிர். கோதாவில் இறங்கமாட்டார், அதெல்லாம் உடம்புக்கு ஆகாது. பெரிய மல்லர்களின் படம் எழுதிய பழைய சீட்டுகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு, தானே ஜெயித்த மாதிரி மீசையை முறுக்குவார்.

அவருடைய பொக்கிஷ அதிகாரி தருமலிங்கம். தருமம் பெயரோடு சரி. கிடைக்காத சீட்டான 'இரும்புப்பிடி மாடன்' தன்னிடம் இருக்கிறதென்று சபையில் ஏலத்துக்கு வைத்தார். ராஜா எடுத்த எடுப்பிலேயே மாந்தோப்பைத் தருவதாகக் கேட்டுவிட்டார். அதற்கு மேல் கேட்க யாருக்குத் தைரியம் வரும்?

ஏலம் கூவ வேண்டியவர் அரண்மனைப் புலவர் சாம்பமூர்த்தி. சீட்டைக் கையில் வாங்கியதுமே அவருக்குச் சந்தேகம் தட்டியது.

"ஓரம் வெட்டின மாதிரி இருக்கே. மீசைகூடப் புதுசா..." என்று அதிகாரியின் காதில் முணுமுணுத்தார்.

"நிச்சயமாத் தெரியுமா ஓய்?"

"சந்தேகம்தான். அதையாவது சொல்லிட்டுக் கூவலாமே."

"சந்தேகத்தை உம்ம வீட்டுல வச்சுக்கும்! ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்னு எண்ணினாப் போதும். இதுக்கு மேல ஒரு வார்த்தை பேசினீர், நாளைக்கு உம்ம இடத்துல என் மச்சான் நிப்பான்."

சொன்னால் வேலை போகும். சொல்லாமல் விட்டு ராஜா பின்னால் கண்டுபிடித்தால் தலையே போகும். பாவம் புலவர், தொண்டையைச் செருமினார்.

மாடனின் முகத்தில் விரலை வைத்தார். "ஒரு தரம்!"

விரல் சீட்டின் ஓரத்துக்குப் போனது. "ரெண்டு தரம்!"

மீசையில் வந்து நின்றது. "மூணு தரம்!"

"என்னய்யா, தடவித் தடவிக் கூவுறீர்?" என்றார் ராஜா.

"அதிகாரி எண்ணச் சொன்னார், எண்ணினேன் மகாராஜா. முகம் ஒரு தரம், ஓரம் ஒரு தரம், மீசை ஒரு தரம். ஒரே சீட்டில் மூணு தரம் இருக்கே!"

ராஜா தன்னிடமிருந்த சீட்டு ஒன்றை அதன்மேல் வைத்துப் பார்த்தார். மாடன் ஒரு நூல் இளைத்திருந்தான். ஈரவிரலால் மீசையைத் தொட்டார். மீசை விரலோடு வந்துவிட்டது.

"பழசுங்களா... கொஞ்சம் அழகுபடுத்தினேன்," என்று நெளிந்தார் தருமலிங்கம்.

"அப்படியா? நாவிதரைக் கூப்பிடுங்கள். இவர் மீசையையும் ஒரு பக்கம் அழகுபடுத்தட்டும்! தோப்பு புலவருக்கு. இனிமேல் சந்தேகம் இருந்தால் அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் ஏலம்."

நாவிதர் வேலையை முடித்ததும், சாம்பமூர்த்தி அதிகாரியின் தோளைப் பிடித்துச் சபைப் பக்கம் திருப்பினார்.

"பொக்கிஷ அதிகாரி! பழைய சரக்கு! ஓரம் வெட்டியிருப்பதாகச் சந்தேகம்! ஒரு தரம்..."

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. ஏலம் கேட்கத்தான் யாரும் வரவில்லை.