துவாதசி இலையில் நான்கு வாழைப்பழம்

முன்னொரு காலத்தில் மருதவள நாட்டைக் கோதண்டராயர் என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காதுக்கு இனிப்பாக யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார்.

ஓர் ஏகாதசியன்று அரசவைப் பண்டிதர் அனந்தநம்பி நாட்டு நிலவர ஓலையை ராகம் போட்டு வாசித்தார். "மன்னா! போன வருஷத்தைவிட விளைச்சல் நான்கு மடங்கு! வேலைகள் இரண்டு மடங்கு! விலைவாசியோ பாதி!"

ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "ஜனங்களிடம் அவ்வளவு செழிப்பா? அப்படியானால் ஏருக்கு இரண்டு பணம் வரி கூட்டுவோம். நாளை மாலை முரசு அறையட்டும்!"

அமைச்சர் சேந்தன் இதை நம்பவில்லை. அன்று காலைதான், சந்தையில் அரிசி விலையைக் கேட்டுவிட்டு ஒரு பெண் வெறும் கூடையோடு திரும்பியதைப் பார்த்திருந்தார்.

"மன்னா, அந்த ஓலையைக் கொஞ்சம் விசாரித்து..." என்று இழுத்தார்.

"அமைச்சருக்குக் கணக்கு வராது, பாவம்! அந்த வயிற்றெரிச்சல்," என்றார் நம்பி. சபை கொல்லென்று சிரித்தது.

சேந்தனும் சேர்ந்து சிரித்தார். "வாஸ்தவம் மன்னா. பண்டிதரின் கணக்கை இன்றே கற்றுக்கொள்கிறேன். நாளைத் துவாதசிச் சாப்பாட்டை அந்தக் கணக்குப்படி நானே பரிமாற உத்தரவு வேண்டும்."

ராஜா தலையாட்டினார்.

ஏகாதசி முழுக்க ஒரே ஒரு வாழைப்பழத்தோடு விரதம் இருந்த ராஜா, மறுநாள் அகத்திக்கீரையையும் பாயசத்தையும் நினைத்துக்கொண்டு இலையில் உட்கார்ந்தார். பக்கத்தில் நம்பி. சேந்தன் ராஜாவின் இலையில் நான்கு வாழைப்பழங்களை வைத்தார்.

"சாப்பாடு எங்கே ஐயா?"

"இதுதான் மன்னா! நேற்று ஒன்று, இன்று நான்கு. நான்கு மடங்கு வளர்ச்சி!"

"நேற்று நான் பட்டினி!"

"போன வருஷம் நாடும் பட்டினிதான். பயிரையெல்லாம் வெள்ளம் கொண்டுபோயிற்றே!"

ராஜா முறைத்தார். "ரசமாவது உண்டா?"

இரண்டு கிண்ணங்கள் வந்தன. "இரண்டு வகை ரசம் மன்னா!"

ராஜா இரண்டையும் குடித்துப் பார்த்தார். "இரண்டும் ஒரே ரசமய்யா!"

"உங்கள் பல்லக்குத் தூக்கும் வீரணன், கூலி போதாமல் சாயங்காலம் புல்லும் அறுக்கிறான். அவனை இரண்டு ஆளாக எழுதித்தான் வேலைகள் இரண்டு மடங்கு என்கிறார் பண்டிதர்."

நம்பி இலையைப் பார்த்துக் குனிந்துகொண்டார். கடைசியாக ஒரு தட்டு வந்தது. ஓரத்தில் ஒரு பிடி சோறு, மற்றபடி தட்டு நிறைய முத்து.

"அரிசி விலை ஏறிவிட்டது மன்னா, முத்து விலை சரிந்துவிட்டது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து விலைவாசி பாதி என்கிறது ஓலை. வயிறார உண்ணுங்கள்!"

ராஜா முத்தைப் பார்த்தார், நம்பியைப் பார்த்தார். "பொய்யா எழுதினீர்?"

"எண் எதுவும் பொய்யில்லை மன்னா..." என்று முனகினார் நம்பி.

"ஆமாம் மன்னா, எண்ணில் பிழையில்லை," என்றார் சேந்தன். "அது எங்கிருந்து வந்தது என்று நாம் கேட்கவில்லை, அவ்வளவுதான்."

ராஜா வயிறு குலுங்கச் சிரித்தார். "முரசை நிறுத்துங்கள்! சேந்தனாரே, இனி நிலவர ஓலை உமது பொறுப்பு. முதலில் எனக்குச் சோறு போடும்! நம்பி, ஒரு மாதத்துக்கு உமது வீட்டு அரிசி பருப்பை நீரே சந்தையில் வாங்கிச் சுமந்து போம்."

நான்காம் நாள், நம்பி சந்தையிலிருந்து வியர்க்க விறுவிறுக்கச் சபைக்கு ஓடிவந்தார். "மன்னா, ஒரு விண்ணப்பம். வரியை ஏற்றாமல் விட்டது போதாது. கொஞ்சம் குறைக்கவும் வேண்டும்!"

முதலில் கைதட்டியவர் சேந்தன்தான்.