கண்ணாத்தாவின் முட்டையும் செவத்தியின் ஓட்டமும்

கோடை வந்தால் புளியங்காட்டில் பந்தாட்டப் போட்டியும் வந்துவிடும். புல்லைச் சுருட்டிக் கொடியால் கட்டிய மெத்துப் பந்து. அடிக்க ஒரு கம்பு. சுற்றி ஓட நாலு கல். அடித்தவர் நாலு கல்லையும் சுற்றி வந்தால் ஓர் ஓட்டம். வருவதற்குள் பந்தால் தொட்டுவிட்டால் அவுட்! ஆட்டம் இவ்வளவுதான். சண்டைதான் பெரிசு.

சண்டை போடாமல் என்ன செய்யும்? ஜெயிக்கிற அணிதான் கோடை முழுக்கக் குட்டையில் முதலில் தண்ணீர் குடிக்கும். எருமைகள் இறங்கிக் கலக்கிய பிறகுதான் மற்றவர்களுக்கு. அது தண்ணீரா, சேறு!

போன வருஷம் நரி நடுவராக நின்றது. நண்டு கொடுத்தவனுக்கெல்லாம் நல்ல தீர்ப்பு! கீரிகள் அநியாயமாகத் தோற்றன. அதனால் இந்த வருஷம் எல்லாரும் ஆள்காட்டிக் குருவி கண்ணாத்தாவிடம் போனார்கள்.

"யார் வந்தாலும் போனாலும் நாள் முழுக்கக் கத்துறவதானே நீ! அதை எங்களுக்காகக் கத்தேன்!" என்றான் கீரிகளின் தலைவன் சடையன்.

"சரி. ஆனா கல்லை எங்கே வைக்கிறதுன்னு நான்தான் சொல்வேன்!" என்றாள் கண்ணாத்தா.

அவள் கவலை அவளுக்கு. ஆட்டம் நடக்கும் பொட்டலின் ஓரத்தில், கூழாங்கற்களுக்கு நடுவே, வெறும் தரையில் அவள் முட்டைகள் கிடந்தன. கல்லோடு கல்லாகத் தெரிந்ததால் யார் கண்ணிலும் படவில்லை. கீரிக்கு முட்டை என்றால் உயிர் என்பதை நான் சொல்லவா வேண்டும்! பந்து அந்தப் பக்கம் போகாதபடி பார்த்துப் பார்த்துக் கல் வைத்தாள்.

நடுவர் வேலை லேசுப்பட்டதா? முதல் ஆட்டத்தில் ஒரு மந்தி பந்தைப் பிடித்துக் கன்னத்தில் அடக்கிக்கொண்டு, "எந்தப் பந்து?" என்று கேட்டது. அடுத்த ஆட்டத்தில் பந்து முள்ளம்பன்றியின் முதுகில் போய்க் குத்திக்கொண்டது. "பிடிச்சாச்சு!" என்றது ஒரு கட்சி. "முதுகாலயா பிடிப்பாங்க!" என்றது மறு கட்சி. கத்திக் கத்திக் கண்ணாத்தாவுக்குத் தொண்டையே கட்டிவிட்டது.

கடைசி ஆட்டம் முயல்களுக்கும் கீரிகளுக்கும். இரண்டு அணியும் சமமாக நின்றன. இன்னும் ஓர் ஓட்டம் எடுத்தால் முயல்களுக்கு வெற்றி. கம்பைப் பிடித்தவள் செவத்தி என்ற முயல். போன கோடையில் சேற்றுத் தண்ணீர் குடித்து அவள் குட்டிகள் சுருண்டு படுத்துவிட்டன, பாவம். இந்தத் தடவையாவது தெளிந்த தண்ணீர் கொடுத்துவிட வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அவள் இடக்கைக்காரி! அதைக் கண்ணாத்தா யோசிக்கவே இல்லை. அடித்த பந்து நேரே கூழாங்கற்களைப் பார்த்து உருண்டது. சடையன் அதன் பின்னால் பாய்ந்தான். முட்டைகளைக் குளிர்விக்க வயிற்று இறகைக் குட்டையில் நனைத்துவரப் போன கண்ணாத்தாவின் புருஷன் இன்னும் திரும்பவில்லை; முட்டைக்குக் காவல் யாரும் இல்லை.

"நில்லு! நில்லு!" என்று அலறினாள் கண்ணாத்தா.

ஓடிக்கொண்டிருந்த செவத்திக்குக் கடைசிக் கல்லுக்கு ஒரே எட்டுதான் பாக்கி. நடுவர் சொன்னதும் செவத்தி சட்டென்று நின்றாள். சடையனோ அதற்குள் பந்தை எடுத்து வீசிவிட்டான். இன்னொரு கீரி அதைப் பிடித்துச் செவத்தியைத் தொட்டது.

"அவுட்! அவுட்!" என்று கீரிகள் குதித்தன.

"நடுவர் நிக்கச் சொன்னாங்க, நின்னேன்! அது எப்படி அவுட்டாகும்?" என்றாள் செவத்தி.

"காரணமில்லாம ஆட்டத்தை நிறுத்தினா செல்லாது! என்ன காரணம்னு சொல்லட்டும்!" என்றான் சடையன்.

கண்ணாத்தா யோசித்தாள். பாம்பைப் பார்த்தேன் என்று சொல்லலாமா? கீரியிடமா பாம்புக் கதை விடுவது! பேசாமல் 'அவுட்' என்று சொல்லிவிட்டால் போதும். முட்டைகள் தப்பிவிடும். யாரும் எதையும் கேட்கமாட்டார்கள்.

"அக்கா, நீங்க சொன்னீங்கன்னுதானே நின்னேன்!" என்றாள் செவத்தி.

அதற்கு மேல் கண்ணாத்தாவால் தாங்க முடியவில்லை.

"அவ அவுட் இல்லை! அந்தக் கல்லுக்கு நடுவுல என் முட்டை கிடக்கு. சடையன் மிதிச்சிடுவான்னு பயந்து, ஆட்டத்தையே மறந்து கத்திட்டேன். நான் நிக்கச் சொன்னது அவனை. நின்னது இவ. தப்பு என்னோடது. மறுபடியும் அடிக்கட்டும்!"

கீரிகள் எல்லாம் கூழாங்கற்கள் பக்கம் திரும்பின. ஒன்று நாக்கைச் சப்புக்கொட்டியது.

"பக்கத்துல நின்ன எனக்கே தெரியலையே! நீ வாயை மூடிட்டு இருந்திருக்கலாமே, ஏன் சொன்னே?" என்றான் சடையன்.

"அவ அவுட் இல்லையே!" என்றாள் கண்ணாத்தா.

சடையன் தன் இடத்துக்குத் திரும்பிப் போனான். மறுபடியும் ஆட்டம் தொடங்கியது.

செவத்தி இந்தத் தடவை கைமாற்றிப் பிடித்து, பந்தை மறுபக்கம் அடித்தாள். பழகாத கை. பந்து தூரம் போகவில்லை. சடையன் அதைக் கவ்விக்கொண்டு ஓடி வந்தான். இருவரும் கடைசிக் கல்லில் ஒன்றாக வந்து விழுந்தார்கள். ஒரே புழுதி! கண்ணாத்தாவைத் தவிர யாருக்கும் எதுவும் தெரியவில்லை.

செவத்தியின் கால்தான் முதலில் பட்டது. ஆனால் இப்போது முட்டை இருக்கும் இடம் கீரிகளுக்குத் தெரியுமே! கண்ணாத்தா கூழாங்கற்களை ஒரு தடவை பார்த்தாள்.

"அவுட் இல்லை! முயல்கள் ஜெயிச்சாச்சு!" என்று கத்தினாள்.

"அண்ணே, வாங்க! முட்டையை ஒரு கை பார்ப்போம்!" என்று கீரிகள் சீறின.

"கம்முனு இருங்கடா!" என்று அதட்டினான் சடையன். "முட்டை நம்ம கைக்கு எட்டுற தூரத்துல இருக்குன்னு தெரிஞ்சும் நமக்கு எதிரா சொல்றா. அது பொய்யா இருக்குமா? இவளை விரட்டிட்டா நாளைக்கு அந்த நரிதான் வந்து நிக்கும். எவனாவது அந்தப் பக்கம் மூக்கை நீட்டினீங்க, வாலைக் கடிச்சுத் துப்பிடுவேன்!"

அந்தக் கோடையில் செவத்தியின் குட்டிகள் தெளிந்த தண்ணீர் குடித்தன. கீரிகள் சேற்றைக் குடித்துவிட்டு எருமைகளைத் திட்டின. நடுவரை ஒரு வார்த்தைகூடச் சொல்லவில்லை. சில நாளில் பொட்டலில் குஞ்சுகள் தலையில் முட்டை ஓடு ஒட்டியபடி ஓடித் திரிந்தன. அந்தப் பக்கம் வரும்போதெல்லாம் சடையன் அவற்றுக்கு வழிவிட்டு ஒதுங்கிப் போனான்.

தனக்குக் கேடு வரும் என்று தெரிந்தும் உள்ளதைச் சொல்பவரின் தீர்ப்பைத் தோற்றவரும் ஏற்றுக்கொள்வார்.