முக்கால் மணி நேர நடை

ஓடைமரப்பட்டியிலும் புத்திசாலிகள் இருந்தார்கள். அவர்கள் எல்லாரும் பிழைப்புத் தேடி வெளியூர் போய்விட்டபடியால், ஊர்ப் பால் சங்கத்தை நடத்தும் பொறுப்பு சடையாண்டி, மாயழகு, தவசி, ஒச்சப்பன் என்ற நான்கு பேரிடம் வந்து சேர்ந்தது. சடையாண்டி தலைவர். மற்ற மூவரும் தலைவர் சொல்வதை நன்றாக யோசித்துப் பார்த்து, யோசித்ததில் ஒன்றும் தோன்றாமல், சரி என்று சொல்பவர்கள்.

ஊரில் எந்த மாட்டுப் பாலில் எவ்வளவு கொழுப்பு என்று நான்கு பேருக்கும் தலைகீழ்ப் பாடம். தங்கள் ரத்தத்தில் எவ்வளவு சர்க்கரை என்பதைத்தான் யாரும் பார்த்ததில்லை. டவுனிலிருந்து வந்த இலவச மருத்துவ முகாம் அதையும் பார்த்துவிட்டது.

முகாமுக்கு வந்த டாக்டர் அமுதவல்லிக்கு அன்று இருநூறு பேரைப் பார்க்க வேண்டியிருந்தது. சடையாண்டியின் விரலில் குத்துவதற்கு மட்டும் கால் மணி நேரம் ஆயிற்று. மாடு முட்டினால் துடைத்துக்கொண்டு போகிற மனுஷன். ஊசியைக் கண்டால் மட்டும் கண் சொருகிவிடும். இரண்டு பேர் பிடித்துக்கொண்டார்கள்.

"முந்நூத்தி இருபது! ஐயா, இது ரத்தமா, வெல்லப்பாகா?"

சடையாண்டி யோசித்தார். "ரத்தம்னுதான் நெனைக்கிறேன் டாக்டரம்மா."

மற்ற மூன்று பேருக்கும் ஏறக்குறைய அதே கணக்குதான். டாக்டர் நால்வரையும் ஒன்றாக நிற்க வைத்து மூச்சுவிடாமல் சொன்னார்: "முதல்ல வாயைக் கட்டுங்க. அரை வயிறு சோறு, கால் வயிறு தண்ணி, அதுக்கு மேல கூடாது. காலையில ராஜா மாதிரி சாப்பிடுங்க, ராத்திரி பிச்சைக்காரன் மாதிரி சாப்பிடுங்க. தினமும் முக்கால் மணி நேரம் கையை வீசி நடங்க. ஒரு மாசம் பாப்பேன். இறங்கலேன்னா காலையில ஒரு ஊசி, சாயங்காலம் ஒரு ஊசி, ஆயுசு பூரா."

சடையாண்டிக்கு அடுத்த மாதம் மகள் சுகப்பிரியாவின் வளைகாப்பு. ஏழு வகைச் சோறு கிண்டப் போகிறார்கள். அதில் சர்க்கரைப் பொங்கலும் உண்டு. "டாக்டரம்மா, அன்னைக்கு ஒரு நாள்..." என்று இழுத்தார்.

"இறங்கினா ஒரு கரண்டி. இறங்கலேன்னா வாசனைகூடப் பிடிக்கக் கூடாது. அடுத்த ஆள்!"

அன்று சாயங்காலமே அவசரக் கூட்டம். நான்கு பேரும் துண்டால் வாயை இறுக்கக் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். தலைவர் "ம்ம்ம்" என்றார். மாயழகு "ம்ம்?" என்றார். ஒச்சப்பன் பலமாக மறுத்து "ம்ம்!" என்றார். ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு, "ம்ம் என்று ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது" என்று தவசி நோட்டில் எழுதி, நால்வரும் கையெழுத்துப் போட்டார்கள். பசி வந்ததும் துண்டை அவிழ்க்க வேண்டியதாயிற்று. வாயைக் கட்டச் சொன்ன டாக்டர்தான் சோறும் தின்னச் சொல்லியிருக்கிறார். டாக்டரின் ஒரு பேச்சுக்காக அவருடைய இன்னொரு பேச்சை அவமதிக்கக் கூடாது என்பது ஒச்சப்பனின் வாதம்.

மறுநாள் காலை சடையாண்டி வீட்டில் ராஜ போஜனம். ஊர் நாடகப் பெட்டியிலிருந்து தவசி ஒரு கிரீடம் எடுத்து வந்தார். கிரீடம் ஒன்று, ராஜா நான்கு. ஆகவே முறை போட்டுக்கொண்டார்கள். ஒரு ராஜா இட்லி தின்ன, ஒருவர் முறத்தால் விசிற, ஒருவர் "பராக்! பராக்!" என்று கத்த, நான்காமவர் மந்திரி என்ற முறையில் சட்னி ஊற்றினார். கடைசி ராஜா ஒச்சப்பன் சிம்மாசனம் ஏறும்போது மணி பதினொன்று. மாவும் தீர்ந்துபோயிருந்தது.

இதையெல்லாம் அடுப்படி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள் சடையாண்டியின் மனைவி பவுன்தாய். முப்பது வருஷமாகப் பார்க்கிறவள். அதனால் மறுபடி அரிசியை ஊறப்போட்டாள்.

மத்தியானம் கொஞ்சம் சிக்கல்.

"அரை வயிறு சரி," என்றார் மாயழகு. அவர் கரித்துண்டால் ஒச்சப்பனின் தொப்புளுக்குக் குறுக்கே ஏற்கெனவே கோடு போட்டிருந்தார். "கால், வயிறு, தண்ணின்னாங்களே, அது என்ன?"

"கால்ல தண்ணி, வயித்துல சோறு," என்றார் சடையாண்டி. "வயித்து வெக்கை கால் வழியா எறங்கணும்ல? மாட்டை ஏன் கொளத்துல எறக்குறோம்?"

தலைவர் என்றால் தலைவர்தான் என்று எல்லாருக்கும் தோன்றியது. நான்கு பேரும் பால் வாளிகளில் தண்ணீர் நிரப்பி, காலை உள்ளே விட்டுக்கொண்டு சாப்பிட்டார்கள். ஒச்சப்பனின் வயிற்றில் சோறு கோட்டைத் தொட்டுவிட்டதா என்று மாயழகு ஒவ்வொரு கவளத்துக்கும் தட்டித் தட்டிப் பார்த்தார்.

பொழுது சாய்ந்ததும் ஆளுக்கொரு தட்டை எடுத்துக்கொண்டு பிச்சைக்குக் கிளம்பினார்கள். சடையாண்டி மாயழகு வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டார். மாயழகு சடையாண்டி வீட்டுக்குப் போயிருந்தார். தவசி ஒச்சப்பன் வீட்டுக் கதவைத் தட்ட, ஒச்சப்பன் தவசி வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தார். கடைசியில் சடையாண்டி பசி தாங்காமல் தன் வீட்டு வாசலிலேயே வந்து நின்று, "அம்மா, தாயே!" என்றார்.

பவுன்தாய் எட்டிப் பார்த்தாள். "இப்பத்தான் மாயழகுண்ணனுக்குப் போட்டேன். தெனம் எத்தனை பேருக்குத்தான் போடுறது? அடுத்த வீடு பாரு."

அதில் நியாயம் இருப்பதாகச் சடையாண்டிக்குப் பட்டது. அடுத்த வீடு பார்த்தார்.

மூன்றாம் நாள் நடை ஆரம்பித்தது. கையை வீசி நடக்க வேண்டும் என்பதால் கையில் போன் இல்லை, பை இல்லை. தவசியின் மணிக்கட்டில் மட்டும் கடிகாரம். கிழக்கே பார்த்து வீசி நடந்தார்கள். வேப்பம்பாறைக்குச் சாலை பிரிகிற விலக்கு வந்தபோது தவசி, "நில்லுங்கப்பா! முக்கால் மணி நேரம்!" என்றார். நின்றார்கள்.

"சரி, வீட்டுக்குப் போவமா?" என்றார் ஒச்சப்பன்.

மாயழகு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "எப்படிப் போவ?"

"நடந்துதான்."

"அது இன்னொரு முக்கால் மணி நேரமில்ல? மொத்தம் ஒன்றரை. மாத்திரையை ரெண்டு பங்கு முழுங்குனா மனுஷன் என்ன ஆவான்?"

எவ்வளவு பெரிய ஆபத்திலிருந்து தப்பினோம் என்று சடையாண்டிக்கு உடம்பு சிலிர்த்தது. அங்கேயே ஒரு புளியமரத்தடியில் தங்கினார்கள். மறுநாள் அங்கிருந்து முக்கால் மணி நேரம் நடந்தார்கள். அதற்கு மறுநாள், அங்கிருந்து.

கடிகாரம் எங்கே நிறுத்தியதோ அங்கே நின்றார்கள். ஒருநாள் அது கத்தரிக்காய்த் தோட்டத்தின் நடுவில் நிறுத்தியது. தோட்டக்காரர் நாயை அவிழ்த்துவிட்டார். அன்று ஓடியதை நடையில் சேர்ப்பதா கூடாதா என்று மாலை வரைக்கும் பேசினார்கள். இன்னொரு நாள் ஒரு சுடுகாட்டு வாசலில் நிறுத்தியது. அங்கே ஒரு சவம் வந்தது. அழுகிற ஆட்களைக் கண்டு இவர்களும் அழுதார்கள். செத்தவருக்கு வேண்டியவர்கள் போலிருக்கிறது என்று அந்த வீட்டார் கூட்டிப்போய்ச் சாப்பாடு போட்டார்கள். அரை வயிறுதான். கால் கழுவத் தண்ணீர் கேட்டு வாங்கி, அதில் நின்றுகொண்டு சாப்பிட்டார்கள்.

வழியில் எதிர்ப்பட்ட ஊர்க்காரர்கள் பாதயாத்திரை என்று நினைத்தார்கள். "எந்தக் கோயிலுக்கு சாமி?" என்று ஒரு அம்மாள் கும்பிட்டுக் கேட்டாள்.

"கோயிலுக்கு இல்லம்மா. சர்க்கரைக்கு."

"எங்களுக்கும் சேத்து வேண்டிக்கங்க சாமி," என்று அவள் கேழ்வரகுக் கூழும் கீரையும் கொண்டுவந்து வைத்தாள். கிரீடம் ஊரிலேயே தங்கிவிட்டதால், சடையாண்டி பலா இலையில் ஒன்று தைத்து வைத்திருந்தார். காலையில் அதை மாட்டிக்கொண்டு ராஜாவாகக் கூழ் குடித்தார். சாயங்காலம் அதைக் கழற்றிவிட்டு, கிடைத்த வீட்டில் கை நீட்டினார்.

தினமும் டவுனுக்குப் பால் கொண்டுபோகிற வேன் டிரைவர் குருசாமி அந்த வழியாகத்தான் வருவார். திரும்பிப் போய்ப் பவுன்தாயிடம் சேதி சொல்வார். "நேத்து ரெட்டைக்கரடுல பாத்தேன் அத்தை. வண்டியில ஏறுங்கன்னா ஏற மாட்றாரு."

"கால் வலிச்சா வருவாரு," என்பாள் பவுன்தாய். இருபதாம் நாள் தாண்டியதும் அவள் அப்படிச் சொல்வதை நிறுத்திவிட்டாள். வளைகாப்புக்கு வளையல் வாங்கியாயிற்று, பந்தலுக்குச் சொல்லியாயிற்று. பெண்ணைப் பெற்ற தகப்பன் மட்டும் கைவசம் இல்லை.

சடையாண்டிக்கும் நாள் மறக்கவில்லை. வளைகாப்புக்கு முந்தின நாள் ஒரு பாலத்துச் சுவரில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். கண் கலங்கியது.

"நாளைக்கு எம்மகளுக்கு வளைகாப்பு. நான் திரும்பிப் போகணும்ப்பா."

"திரும்பி நடந்தா இன்னும் ஒரு மாசம் ஆகும்ண்ணே," என்றார் தவசி. "பிள்ளையே பொறந்துரும்."

"பஸ்ல போனா?" ஒச்சப்பன் பயந்துகொண்டே கேட்டார்.

மாயழகு தலையில் அடித்துக்கொண்டார். "ஒரு மாசமா நடந்து நடந்து எறக்கின சர்க்கரையை வழியெல்லாம் விட்டுட்டு வந்திருக்கோம். பஸ்ல ஏறி அதே வழியா போனா, அத்தனையும் திரும்ப ஏறிக்கிடாதா?"

சடையாண்டி மேல்துண்டில் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். நண்பர்கள் மூவரும் அவரைத் தேற்ற முடியாமல், தாங்களும் ஆளுக்கொரு பக்கம் பார்த்து அழுதார்கள்.

மறுநாள் விடிந்ததும் நடந்தார்கள். டவுன் வந்தது. தவசி "நில்லுங்க!" என்ற இடம் ஓர் ஆஸ்பத்திரியின் உள்வாசல். கையைத் துடைத்துக்கொண்டு எதிரே வந்தவர் டாக்டர் அமுதவல்லி.

"அட, ஓடைமரப்பட்டி ஆளுங்களா! நீங்களா இது? பாதியா இளைச்சுட்டீங்களே!"

உள்ளே கூப்பிட்டு விரலில் குத்தினார். சடையாண்டி கண் சொருகி, தெளிந்து எழுந்தபோது டாக்டரின் முகம் மலர்ந்திருந்தது. மற்ற மூவரையும் சோதித்தார். இன்னும் மலர்ந்தது. அவர் வைத்தியம் பார்த்த இத்தனை வருஷத்தில் சொன்னதைச் சொன்னபடி செய்த நோயாளிகளைப் பார்த்ததே கிடையாது.

"நூத்திப் பதினஞ்சு! எல்லாருக்கும் நார்மல். ஊசியும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. எங்க, நாக்கை நீட்டுங்க பாப்போம்."

சடையாண்டி வாயைத் திறந்து நாக்கை நீட்டினார். ஒச்சப்பன் எடை பார்க்கிற மெஷினில் ஒற்றைக் காலை வைத்திருந்தார். மாயழகும் தவசியும் ஒரு மூலையில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார்கள். டாக்டருக்கு அடுத்த முகாமுக்கு நேரமாகிவிட்டது. பையை எடுத்துக்கொண்டு, வாசலிலிருந்து சந்தோஷமாகச் சொன்னார்:

"ரொம்ப நல்லாருக்கு. இனிமே இப்படியே இருங்க. எதையும் மாத்திடாதீங்க!"

அவர் போய்விட்டார். நால்வரும் இப்படியே இருந்தார்கள்.

அரை மணி நேரம் கழித்து, பால் வேனில் ஏறி, வழியெல்லாம் விசாரித்துப் புருஷனைத் தேடி வந்த பவுன்தாயை நர்ஸ் உள்ளே கூட்டிவந்தாள். சடையாண்டி நாக்கை நீட்டிக்கொண்டு நின்றார். மனைவியைக் கண்டதும் கண்ணில் நீர் வந்தது. நாக்கு உள்ளே போகவில்லை.

"என்ன ஆச்சு இவருக்கு?"

"நல்லாயிட்டாரு மதினி," என்றார் மாயழகு. டாக்டர் சொன்ன நேரத்தில் பேசிக்கொண்டிருந்ததால் அவரும் தவசியும் விடாமல் பேச வேண்டியிருந்தது. "இப்படியே இருக்கச் சொல்லிருக்காக. பெறகு என்ன தவசி, உங்க வீட்டு எருமை எப்படி இருக்கு?"

"நல்லாருக்கு. உங்க வீட்டு எருமை எப்படி இருக்கு?"

பவுன்தாய்க்குச் சண்டை போட நேரமில்லை. வளைகாப்புக்கு இன்னும் இரண்டு மணி நேரம்தான் இருந்தது. குருசாமியும் அவளுமாக நால்வரையும் உற்சவமூர்த்திகளைப் போல் தூக்கி, பால் கேன்களுக்கு நடுவில் நிறுத்திக் கயிற்றால் கட்டினார்கள். ஒற்றைக் கால் ஒச்சப்பனுக்கு எடை மெஷினும் வேண்டும் என்று மாயழகு இடையில் எடுத்துச் சொன்னார். நர்ஸ் தரவில்லை. ஒரு பால் கேனை அந்தக் காலுக்கு அடியில் கொடுத்தார்கள்.

வளைகாப்பு குறித்த நேரத்தில் நடந்தது. நால்வரையும் பந்தல் காலோடு சாய்த்து நிறுத்தியிருந்தார்கள். சுகப்பிரியாவுக்கு வளையல் போட்டு, கன்னத்தில் சந்தனம் பூசிய பெண்கள், வரிசையில் நின்றவர்களை விட்டுவிட்டால் குறையாகிவிடுமே என்று இவர்களுக்கும் பூசிவிட்டுப் போனார்கள்.

சுகப்பிரியா அப்பாவைப் பார்த்தாள். ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கலைக் கொண்டுவந்து, நீட்டியிருந்த நாக்கின் மேல் தானே வைத்தாள். "சாப்பிடுங்கப்பா. டாக்டரே ஒரு கரண்டி சாப்பிடலாம்னாங்களாமே."

நெய், முந்திரி, ஏலக்காய், ஒரு மாதத்து ஆசை, எல்லாம் சடையாண்டியின் நாக்கின் மேலேயே இருந்தது. நாக்கை உள்ளே இழுத்தால் இழுத்த கணமே மாற்றம். அவர் இழுக்கவில்லை. பொங்கல் நாக்கின் மேல் மெல்ல ஆறிக்கொண்டிருந்தது. அப்போது பந்தல் காலிலிருந்து ஓர் எறும்பு இறங்கி, தாடையோரமாக நடந்து வந்து, சாவகாசமாகத் தின்னத் தொடங்கியது.

"தவசி, தலைவர் நாக்குல எறும்பு," என்றார் மாயழகு.

"ஓட்டிவிடுவமா?"

"கையை அசைக்கக் கூடாதே. அது கெடக்கட்டும். எனக்குத் தலைவரைப் பத்திக் கவலை இல்ல. அந்த எறும்பு திங்கிற வேகத்தைப் பாத்தியா? இதே மாதிரி தின்னா அதுக்குச் சர்க்கரை எவ்வளவு ஏறும்?"

தவசியின் முகம் வாடிவிட்டது. "ஐயோ பாவம். டாக்டரம்மாகிட்ட கூட்டிட்டுப் போய் ரத்தம் எடுத்துப் பாக்கணுமேப்பா."

"பாக்கலாம். எந்த வெரல்ல குத்துவாங்க?"

தவசி எறும்பையே உற்றுப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். ஒற்றைக் காலைப் பால் கேன்மேல் வைத்திருந்த ஒச்சப்பனும் கண்ணை மட்டும் உருட்டிப் பார்த்தார். சடையாண்டியும் இரண்டு கண்ணையும் மூக்கு நுனிக்குக் கொண்டுவந்து, தன் நாக்கின் மேல் இருந்த எறும்பின் ஆறு கால்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்து, விரலைத் தேடிக்கொண்டிருந்தார்.